தரவு வேக அலகுகளை மாற்றிக் கணக்கிடுவது எப்படி? ராமநாதபுரம் கடலோரத்துப் புதிய பயனர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் ராமநாதபுரம் கடலோரத்தில், தரவு வேகத்தைக் குறிக்கும் எண்கள் இன்று பல இடங்களில் கண்ணில் படுகின்றன. கீழக்கரையில் ஒரு வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பின் ரசீதில் 100 என்று இருக்கிறது. அதே வீட்டுக் கணினியில் ஒரு கோப்பு இறங்கும்போது திரையில் 11.3 என்று தெரிகிறது. மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் கண்காணிப்புக் கேமராப் பெட்டியில் 2048 என்றும், பாம்பன் தெற்குவாடியில் நிற்கும் படகின் ஜிபிஎஸ் கருவியில் 4800 என்றும் அமைத்து வைத்திருக்கிறார்கள். நான்கும் ஒரே வகை அளவுதான்: ஒரு நொடியில் எவ்வளவு தரவு கடந்து போகிறது என்பதையே அவை சொல்கின்றன. ஆனால் நான்கும் நான்கு அலகுகளில் எழுதப்பட்டிருப்பதால், எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு 4800 மிகப் பெரியதாகவும் 11.3 மிகச் சிறியதாகவும் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. ஒழுங்காக ஓடும் இணைப்பைப் பற்றி, நூறு என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுதான் தருகிறார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்; உண்மையிலேயே பழுதான இணைப்புக்கு மாதாமாதம் முழுப் பணம் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் வேண்டியது ஒரே சிறிய கணக்குத்தான். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்து, கையில் கால்குலேட்டர் உள்ள அலைபேசி ஒன்று இருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட்டுவிடலாம்.

முதல் படி: எண்ணுக்கு முன் அலகைப் படியுங்கள்

தரவின் மிகச் சிறிய கூறு பிட். அது சுழியாக இருக்கும் அல்லது ஒன்றாக இருக்கும். அதற்குக் கீழே பிரிக்க முடியாது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். கம்பி, ஃபைபர், அலைபேசிக் கோபுரம் ஆகியவற்றின் வேகத்தைத் தொலைத்தொடர்புத் துறையினர் தொடக்கம் முதலே பிட்டில்தான் சொல்லி வருகிறார்கள். கோப்பின் அளவு, நினைவக அட்டையின் அளவு, பதிவிறக்கம் செய்யும் மென்பொருள் காட்டும் வேகம் ஆகியவை பெரும்பாலும் பைட்டில் இருக்கும். ஏலத்தில் ஒருவர் கூடைக்கு விலை கேட்க, மற்றவர் கிலோவுக்கு விலை சொன்னால் பேரம் எப்படிப் படியாதோ, அப்படித்தான் இந்த இரண்டையும் கலந்து பேசும்போது ஆகிறது.

ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதும்போது சிறிய பி பிட்டையும் பெரிய பி பைட்டையும் குறிக்கும். தமிழில் எம்.பி. என்று எழுதிவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. ஆகவே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்போதும், வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசும்போதும், மெகாபிட் அல்லது மெகாபைட் என்று முழுச் சொல்லாகவே சொல்லிப் பழகுவது நல்லது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. திரையில் சுருக்கெழுத்தைப் பார்க்கும்போது, பி சிறியதா பெரியதா என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் பிறகு எண்ணுக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: அடைமொழியை லட்சம், கோடியில் விரித்துப் பாருங்கள்

கிலோ என்றால் ஆயிரம். மெகா என்றால் பத்து லட்சம். ஜிகா என்றால் நூறு கோடி. டெரா என்றால் ஒரு லட்சம் கோடி. சுழிகளை எண்ணித் தடுமாறுவதைவிட நமக்குப் பழகிய லட்சம், கோடியில் சொல்லிப் பார்த்தால் பிழை சட்டென்று பிடிபட்டுவிடும். நொடிக்கு 100 மெகாபிட் என்பது நொடிக்குப் பத்துக் கோடி பிட். நொடிக்கு 1 ஜிகாபிட் என்பது நொடிக்கு நூறு கோடி பிட், அதாவது அதன் பத்து மடங்கு. யாராவது ஒரு ஜிகாபிட்டை நூறு மெகாபிட் என்று மாற்றிச் சொன்னால், கோடிக் கணக்கில் வைத்துப் பார்த்த உடனே ஒரு சுழி விடுபட்டிருப்பது தெரியும்.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் நொடிக்கு இத்தனை பிட் என்று இறக்கி, பிறகு ஏற்றுங்கள்

மாற்று அட்டவணைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த அலகில் எண் வந்தாலும், முதலில் அதை நொடிக்கு எத்தனை பிட் என்று இறக்கிக்கொள்ளுங்கள். வேண்டிய அலகுக்கு அங்கிருந்து ஏறுங்கள். பைட்டாக இருந்தால் எட்டால் பெருக்க வேண்டும், அடைமொழி இருந்தால் அதன் மதிப்பால் பெருக்க வேண்டும், நிமிடமோ மணியோ இருந்தால் 60 அல்லது 3600-ஆல் வகுக்க வேண்டும். ஏறும்போது இவற்றையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

நொடிக்கு 100 மெகாபிட்டை மெகாபைட்டாக மாற்றிப் பார்ப்போம். இறக்கினால் நொடிக்குப் பத்துக் கோடி பிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் பைட். பத்து லட்சத்தால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். பழகிய பிறகு, மெகாபிட்டை எட்டால் வகுத்தால் மெகாபைட் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் முதல் சில முறைகள் முழுவதுமாக எழுதிப் பார்ப்பவர்களே பிறகு தடுமாறாமல் இருக்கிறார்கள்.

இதே வழியில் ஒரு கோப்பு போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கிடலாம். கீழக்கரையில் நடந்த நிக்காஹ் வீடியோவை துபாயில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும், கோப்பு 4.7 ஜிகாபைட், இணைப்பின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 4.7-ஐ எட்டால் பெருக்கினால் 37.6 ஜிகாபிட், அதாவது 37,600 மெகாபிட். இருபதால் வகுத்தால் 1880 நொடி. 31 நிமிடமும் 20 நொடியும் ஆகும். இங்கே பதிவேற்ற வேகத்தை எடுத்துக்கொண்டோம் என்பதைக் கவனியுங்கள். பல திட்டங்களில் பதிவிறக்க வேகமும் பதிவேற்ற வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. அனுப்புகிறவர் பதிவிறக்க வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறும்.

நான்காம் படி: ஆயிரமா, 1024-ஆ என்று தீர்மானியுங்கள்

புதியவர்களை மிகவும் அலைக்கழிப்பது இந்த இடம்தான். ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். கணினியின் நினைவகம் இரண்டின் அடுக்குகளில் அமைவதால், கணினித் துறையினர் நீண்ட காலம் 1024 பைட்டைக் கிலோபைட் என்று அழைத்து வந்தார்கள். இந்த இரட்டை வழக்கைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் கிபி, மெபி, ஜிபி என்ற புதிய அடைமொழிகளைக் கொண்டுவந்தது: 1024 பைட் கொண்டது ஒரு கிபிபைட், அதன் 1024 மடங்கு மெபிபைட், அதற்கும் 1024 மடங்கு ஜிபிபைட். ஆனால் விண்டோஸ் இன்றும் 1024 கணக்கில் கணக்கிட்டுவிட்டு, பெயரை மட்டும் மெகாபைட், ஜிகாபைட் என்று காட்டுகிறது. ஆப்பிள் கணினிகள் 2009 முதல் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டன.

வேறுபாடு கிலோவில் 2.4 விழுக்காடுதான்; மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10 விழுக்காடு என்று அடைமொழி உயர உயர அது வளர்கிறது. ஒரு டெராபைட் என்று வாங்கிய வன்தட்டை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டுவது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை.

நீங்கள் பின்பற்ற வேண்டிய விதி இது: வேகம் பிட்டில் இருந்தால் எப்போதும் ஆயிரம் கணக்கு, இதற்கு விலக்குத் தேட வேண்டாம், கோப்பின் அளவு விண்டோஸ் திரையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் 1024 கணக்கு. மேலே சொன்ன நிக்காஹ் வீடியோவின் 4.7 விண்டோஸ் காட்டிய எண்ணாக இருந்தால், அதை 1.0737-ஆல் பெருக்க வேண்டும். உண்மையான அளவு 5.05 ஜிகாபைட், நேரம் ஏறத்தாழ 33 நிமிடம் 40 நொடி. இரண்டு நிமிட வேறுபாடு வீட்டில் பெரிதல்ல. அதே விழுக்காடு கேமராவின் ஒரு மாதப் பதிவைச் சேமிக்கும் கணக்கில் வரும்போது இரண்டு நாள் பதிவு காணாமல் போகும்.

ஐந்தாம் படி: நொடியிலிருந்து மணிக்கும் நாளுக்கும் போங்கள்

நொடிக்கு 1 மெகாபிட் ஓடும் இணைப்பு ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட்டையும் ஒரு நாளில் 10.8 ஜிகாபைட்டையும் கடத்தும். 3600-ஐ எட்டால் வகுத்தால் 450. 86,400-ஐ எட்டால் வகுத்தால் 10,800. இந்த இரண்டு எண்களையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். அவ்வளவு இடங்களில் அவை உதவுகின்றன.

ஐஸ் கம்பெனியின் கேமராப் பெட்டிக்குத் திரும்புவோம். டிவிஆர் என்ற அந்தப் பதிவுப் பெட்டியின் அமைப்பில் ஒவ்வொரு கேமராவுக்கும் 2048 என்று இருப்பது நொடிக்கு 2048 கிலோபிட், அதாவது 2.048 மெகாபிட். 10.8-ஆல் பெருக்கினால் ஒரு கேமரா ஒரு நாளில் 22.1 ஜிகாபைட் எழுதும். நான்கு கேமராக்கள் 88.5 ஜிகாபைட் எழுதும். ஒரு டெராபைட் வன்தட்டில் இது 11 நாட்களுக்குச் சற்று மேல் வரும். பிறகு பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். சரக்கு குறைந்ததாகப் பதினைந்து நாள் கழித்து வியாபாரி ஒருவர் வந்து கேட்டால், காட்ட அந்தப் பதிவு இருக்காது. ஒரு மாதப் பதிவு வேண்டும் என்பவர் மூன்று டெராபைட் வன்தட்டு வாங்க வேண்டும், அல்லது வேகத்தை 1024-க்குக் குறைத்துக்கொண்டு ஒன்றரை டெராபைட்டுக்குக் குறையாத வன்தட்டு வைக்க வேண்டும். அந்தக் கேமராக்களை ஊரிலிருந்து அலைபேசியில் பார்க்க விரும்பினால், நான்கும் சேர்ந்து நொடிக்கு 8.2 மெகாபிட் பதிவேற்ற வேகத்தைக் கேட்கும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது.

மாத வரம்புகளையும் இப்படியே அளக்கலாம். மாதத்துக்கு 3300 ஜிகாபைட் வரம்புள்ள, நொடிக்கு 60 மெகாபிட் தரும் இணைப்பை இடைவிடாமல் முழு வேகத்தில் ஓட்டினால் நாளுக்கு 648 ஜிகாபைட் ஆகும்; ஐந்தே நாளில் வரம்பு தீரும். சாதாரணக் குடும்பம் அப்படி ஓட்டாது என்பதால் கவலை வேண்டியதில்லை. அலைபேசியின் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிகாபைட் திட்டம் வேறு வகை: அது 12 ஜிகாபிட், நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 1200 நொடி, இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். அகன்ற அலைவரிசை என்று அழைக்க இந்தியாவில் வேண்டிய குறைந்தபட்ச வேகம் 2023-இல் நொடிக்கு 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. அந்த 2 மெகாபிட்டை நம் கணக்கில் வைத்தால் மணிக்கு 900 மெகாபைட்.

படகில் உள்ள கருவிகள்: எட்டுக்குப் பதில் பத்து

விசைப்படகுகளில் ஜிபிஎஸ் கருவியைத் திரைவரைபடத்தோடோ ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரோடோ கம்பியால் இணைக்கும்போது, என்.எம்.இ.ஏ. 0183 என்ற முறை பயன்படுகிறது. அதன் வழக்கமான வேகம் 4800. அமைப்புப் பட்டியலில் பாட் ரேட் என்ற பெயரில் இருக்கும். இங்கே எட்டால் வகுத்தால் விடை தவறும். இந்தக் கம்பியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு பிட் தரவோடு, தொடக்கத்தைக் காட்ட ஒரு பிட்டும் முடிவைக் காட்ட ஒரு பிட்டும் சேர்ந்து பத்து பிட் போகிறது. ஆகவே 4800-ஐப் பத்தால் வகுத்து, நொடிக்கு 480 எழுத்து என்று கொள்ள வேண்டும். இருப்பிடத்தைச் சொல்லும் ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து நீளலாம் என்பதால், முழு நீள வரிகள் நொடிக்கு ஐந்துதான் செல்லும். ஆறாவதுக்கு இடம் போதாது. தேவையற்ற வரிகளையும் அனுப்பும்படி கருவியை அமைத்துவிட்டு, திரையில் படகின் இடம் தாமதமாக நகர்கிறது என்று கருவியைக் குறை சொல்வது சரியாகாது.

சுற்றிலும் உள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி இதே கம்பியில் 38,400 வேகத்தைக் கேட்கும். ஒரு முனையில் 38,400, மறுமுனையில் 4800 என்று வைத்தால் மெதுவாகக்கூட எதுவும் வராது. பொருளற்ற எழுத்துகள்தான் வரும். இரு முனையிலும் ஒரே எண்ணை வைக்க வேண்டும். அதே ஏ.ஐ.எஸ். வானலையில் பேசும் வேகம் வேறு: ஒரு சேனலில் நொடிக்கு 9600 பிட். நிமிடத்துக்கு 5,76,000 பிட் என்று ஆகும் இதை 256 பிட் கொண்ட இடங்களாகப் பிரித்தால் சரியாக 2250 இடங்கள் கிடைக்கும். எத்தனையோ கப்பல்கள் ஒரே சேனலில் முறை வைத்துப் பேச முடிவது அந்த 2250 இடங்களால்தான். மாற்றுக் கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று பழகிப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பாட் என்ற அலகு பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போடோவின் பெயரால் வந்தது. கம்பியில் சைகை நொடிக்கு எத்தனை முறை மாறலாம் என்பதை அது சொல்கிறது. ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட் என்று போகும் படகுக் கருவிகளில் பாட்டும் நொடிக்கு இத்தனை பிட் என்பதும் ஒன்றே. ஆனால் பழைய தொலைபேசி மோடத்தில் 2400 பாட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு பிட் வீதம் நொடிக்கு 9600 பிட் போனது. ஆகவே பாட் என்று கண்டால் நேராகப் பிட் என்று எழுதிவிடாதீர்கள்.

செயற்கைக்கோளிலிருந்து ஜிபிஎஸ் கருவிக்கு வரும் அடிப்படைச் செய்தியின் வேகம் நொடிக்கு வெறும் 50 பிட். ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிடத்தைச் சொல்லும் 1500 பிட் வந்துசேர 30 நொடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையான 37,500 பிட் முழுவதும் வர 750 நொடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம் ஆகும். மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் அணைத்து வைத்திருந்த கருவியைப் போட்டதும் இடம் காட்டவில்லை என்றால், அது பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் திறந்த வானத்தின் கீழ் இந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

தொலைத்தொடர்புத் துறைக்குள் வழங்கும் சில அலகுகள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலோ அலைபேசிக் கோபுரப் பணியிலோ சேரும் இளைஞர்களுக்கு இது தேவைப்படும். ஒரு தொலைபேசிக் குரலை நொடிக்கு 8000 முறை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் எட்டு பிட்டால் எழுதினால் நொடிக்கு 64 கிலோபிட். இப்படி 32 வழிகள் சேர்ந்தது இந்தியாவில் வழங்கும் ஈ1 என்ற இணைப்பு: நொடிக்கு 2.048 மெகாபிட். 2048 என்ற எண்ணைப் பார்த்ததும் இது 1024 கணக்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இது 32-ஐ 64-ஆல் பெருக்கியதால் வந்த எண், கிலோ இங்கேயும் ஆயிரமே. ஃபைபரில் வரும் எஸ்டிஎம்-1 என்ற பெரிய இணைப்பு நொடிக்கு 155.52 மெகாபிட். அதில் 63 ஈ1 ஏறும்; 129.024 மெகாபிட் போக மீதி கட்டுப்பாட்டுக்குச் செல்கிறது. எஸ்டிஎம்-4, எஸ்டிஎம்-16 என்பவை இதன் நான்கு மடங்கும் பதினாறு மடங்கும்.

கணக்கை வைத்துப் பழுதைக் கண்டுபிடித்தல்

தொடக்கத்தில் சொன்ன 11.3-ஐ இப்போது சரிபார்க்கலாம். கணினியையும் ரூட்டரையும் இணைக்கும் லேன் கேபிளில் தரவு சிறு சிறு பொதிகளாகப் போகிறது. 1500 பைட் பொதி ஒன்று போகும்போது, தலைப்புகளும் இடைவெளியும் சேர்ந்து அது கம்பியில் 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கோப்பின் சொந்தத் தரவு 1460 பைட்தான். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் கம்பியில் கோப்புக்குக் கிடைப்பது 94.9 மெகாபிட். எட்டால் வகுத்தால் 11.87 மெகாபைட், விண்டோஸின் 1024 கணக்கில் 11.3. ரசீதில் 100 என்று இருக்க, திரை 11.3 காட்டினால் அந்த இணைப்பில் குறையே இல்லை.

ஆனால் நீங்கள் நொடிக்கு 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தும், வேகச் சோதனை காலையிலும் இரவிலும் அசையாமல் 94 என்றே காட்டினால் அது கவனிக்க வேண்டிய எண். நெரிசலால் குறையும் வேகம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும்; 94-லேயே நிற்கும் வேகம், எங்கோ ஒரு கம்பி 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று சொல்கிறது. லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள் உள்ளன. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். நம் கடலோரத்தில் உப்புக்காற்று படும் திண்ணையிலோ மாடிப்படியிலோ ரூட்டரை வைத்தால், கேபிள் முனையின் பின்கள் பச்சை பூத்து ஒன்றிரண்டு தொடர்பை இழக்கும்; பல கருவிகள் எதுவும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுப் பின்களும் ஒரே நிறத்தில் மின்ன வேண்டும். கறுத்தோ பச்சையாகவோ ஒன்று தெரிந்தாலும் முனையை வெட்டிப் புதியது அடிக்கச் சொல்லுங்கள். பழைய ரூட்டராக இருந்தால் அதன் லேன் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் போகாததாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லையென்றால் தயங்காமல் புகார் கொடுங்கள். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளில் இணைத்த கணினியில் சோதித்து, தேதி, நேரம், பதிவிறக்கம், பதிவேற்றம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இணையம் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் அந்தப் புகார் எளிதில் முடித்து வைக்கப்பட்டுவிடும். அதற்குப் பதிலாக, திட்டத்தின் வேகம் நொடிக்கு 200 மெகாபிட், கேபிளில் சோதித்தபோது நொடிக்கு 38 மெகாபிட், லேன் இணைப்பு ஜிகாபிட்டில் உள்ளது என்று அலகோடு எழுதுங்கள்.